பந்து ஒருவனுக்குச் சொந்தமல்ல!

கால்பந்தாட்டத்துக்கும் கட்சிப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்? கூலி, போனஸ், ஆட்குறைப்பு, விலைவாசி என்று எழுத வேண்டியவை மலைபோல் குவிந்து கிடக்க, பந்து உதைப்பவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதத்தான் வேண்டுமா? இப்படிக் கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆகவே பதிலையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவோம்.

திருவள்ளூரையும் கும்மிடிப்பூண்டியையும் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் இன்று ஒரே உலையின் முன் நின்று வேகிறவர்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள் அல்லர். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலும் சிப்காட் வளாகத்துப் பட்டறைகளிலும் கவரைப்பேட்டைத் தமிழனுக்குப் பக்கத்தில் பீகார்த் தொழிலாளி நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்தவன். அவனுக்கும் அடுத்து ஜார்க்கண்டிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவன். வேலை ஒன்று. அனல் ஒன்று. விபத்து நேர்ந்தால் தீக்காயமும் ஒன்றுதான். ஆனால் ஷிப்டு சங்கு ஊதியதும் இவர்கள் வெவ்வேறு வழியே பிரிந்து போகிறார்கள். ஒருவன் பொன்னேரி ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். இன்னொருவன் கான்டிராக்டர் காட்டிய கொட்டகைக்குள் போய் முடங்குகிறான். பக்கத்தில் நின்றவன் பெயர் என்ன என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்களைப் பரப்பினார்கள். அதை நம்பி அஞ்சியவர்கள் பலர். ஊருக்கு ரயிலேறியவர்களும் உண்டு. ஒரு பொய்க்கு அத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? பக்கத்தில் நிற்பவனைப் பற்றி நமக்கும், நம்மைப் பற்றி அவனுக்கும் ஒன்றும் தெரியாததிலிருந்துதான் வந்தது.

வெவ்வேறு மொழியும் மதமும் ஊரும் கொண்டவர்களை ஒரே உடலாக இயங்க வைக்கும் வித்தையை இந்த நாட்டில் செய்துகாட்டிய ஒருவர் இருந்தார். அவர் அரசியல் தலைவர் அல்லர். தொழிற்சங்கத் தலைவரும் அல்லர். ஐதராபாத் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் சையத் அப்துல் ரஹீம். இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். அவர் வாழ்க்கையில் நமக்குப் பாடம் இருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

வாத்தியார் வேலை

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். இளமையில் தானும் பந்தாடினார். பிறகு பள்ளி ஆசிரியரானார். வகுப்பில் பாடம் நடத்தியவர், உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்று, மாலையில் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டார். ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் இருந்து அந்த நகரத்தின் ஆட்டத்தையே வளர்த்தெடுத்தார்.

'பயிற்சியாளர்' என்றதும் இன்று நம் மனத்தில் எழும் படம் வேறு. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'கால்பந்து' என்று சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி முட்டி மோதும் வேறோர் ஆட்டம். அந்நாட்டின் பல மாநிலங்களில் அரசு ஊதியப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளருக்குத்தான். கோடி கோடியாகச் சம்பளம். அரங்கம், தொலைக்காட்சி, விளம்பரம் என்று பெரும் வியாபாரம். பிள்ளைகள் ஓடுகிறார்கள்; பணம் வேறெங்கோ போகிறது.

நம்முடைய ரஹீமின் கதை அப்படிப்பட்டதல்ல. சாக்கட்டி பிடித்த கைதான் இந்தியாவின் அணியையும் நடத்தியது. 1950இல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். ஏறத்தாழ அதே காலத்தில் இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

போலீஸ் அணியா?

'போலீஸ்' என்றதும் மூத்த தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. 1950 என்றால் தெலுங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டு. 1951 அக்டோபரில்தான் அந்தப் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஐதராபாத் ராஜ்யத்துக் கிராமங்களில் போலீஸ் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்பதை நம் இயக்க வரலாறு அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை மறைக்கவும் வேண்டாம்.

ஆனால் சீருடைக்குள் இருப்பவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த அணியின் ஆட்டக்காரர்கள் அதிகாரிகள் அல்லர். பந்தாடத் தெரியும் என்பதற்காகவே வேலை கிடைத்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களுக்குப் பந்துதான் சோறு போட்டது. அந்தப் பிள்ளைகளைக் கொண்டுதான் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்று காட்டினார் ரஹீம். கல்கத்தாவின் பெரிய சங்கங்களெல்லாம் மூக்கில் விரலை வைத்தன.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்து நிஜாம் ஆட்சி முடிவுக்கு வந்தது. தேசப் பிரிவினையின் இரத்தம் உலராத காலம். சந்தேகமும் பகையும் தெருவெங்கும் நின்ற காலம். அந்த ஐதராபாத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் ஆசிரியர், இரண்டே ஆண்டுகளில் இந்தியாவின் அணியைக் கையில் எடுத்தார். 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா இறுதி ஆட்டத்தில் ஈரானை 1–0 என்று வென்றது. கோலைப் போட்டவர் பீகாரில் பிறந்து கல்கத்தாவில் ஆடிய சாகு மேவாலால். அணித் தலைவர் வங்காளத்தின் சைலேன் மன்னா. பயிற்சியாளர் ஐதராபாத் ரஹீம். மதவெறியர்களுக்கு இதைவிட நல்ல பதிலை எந்த மேடைப் பேச்சும் தந்துவிட முடியாது.

தோல்வி கற்றுக்கொடுத்தது

வெற்றியை மட்டும் சொன்னால் அது துதிபாடல் ஆகிவிடும். அடுத்த ஆண்டே அடி விழுந்தது.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். எதிரே யூகோஸ்லாவியா. இந்தியர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். வடக்கு ஐரோப்பாவின் குளிர், ஈரப் புல், எதிராளிகளின் காலிலோ ஆணி பதித்த பூட்ஸ். 10–1 என்று தோற்றோம். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் கட்டாயமாக்கியது.

வெறுங்காலை வீரம் என்று கொண்டாடியவர்கள் அன்று இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கையுறை இல்லாமல் இரும்பைத் தூக்குகிறவனை 'உருக்குக் கை' என்று புகழும் மேஸ்திரிகளை நாம் பார்க்கவில்லையா? ஏழையின் இல்லாமையை அவனுடைய பெருமையாக்கிவிட்டால், பூட்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டிய செலவு மிச்சம்! ரஹீம் அந்தப் புகழ்ச்சியில் மயங்கவில்லை. தோற்றது எப்படி என்று யோசித்தார்.

அதே ஹெல்சிங்கியில் தங்கம் வென்றது ஹங்கேரி. அடுத்த ஆண்டு, 1953 நவம்பர் 25 அன்று, இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6–3 என்று அந்த ஹங்கேரி நொறுக்கியது. சொந்த மண்ணில் கண்டத்து அணி எதுவும் தன்னை வென்றதில்லை என்ற இங்கிலாந்தின் கர்வம் அன்று உடைந்தது. அந்த ஹங்கேரி அணியை உருவாக்கியவர் குஸ்தாவ் செபெஷ். இவர் இளமையில் பாரிஸ் நகரத்து ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். தம் ஆட்டமுறையைச் 'சோஷலிசக் கால்பந்து' என்றே அழைத்தார். தற்காப்பு வேலை சிலருக்கு, கோல் போடும் புகழ் சிலருக்கு என்ற பிரிவினை அதில் இல்லை. முன்வரிசை நடு ஆட்டக்காரனே பின்னால் இறங்கி வந்து பந்தைப் பகிர்ந்து கொடுப்பான். எல்லாரும் தாக்குவார்கள், எல்லாரும் தடுப்பார்கள்.

ரஹீமும் இந்த வழியில்தான் நடந்தார். பழைய ஆங்கிலேய முறையை ஒதுக்கினார். பின்வரிசையில் நால்வர், நடுவில் இருவர், முன்வரிசையில் நால்வர் என்ற அமைப்பை இந்தியாவில் புகுத்தினார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அந்த அமைப்பால் வென்ற பிறகுதான் உலகம் முழுவதும் அது பிரபலமானது. ஐதராபாத் ஆசிரியர் உலகத்தின் பின்னால் நடக்கவில்லை. உலகத்தோடு சேர்ந்து நடந்தார்.

தனியாட்டத்துக்குத் தடை

ரஹீமின் முறைகளில் நம் தோழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐதராபாத்தில் அவர் புதுமாதிரிப் பந்தயங்கள் நடத்தினார். ஒரு பந்தயத்தில் 'டிரிப்ளிங்' கூடாது. அதாவது, பந்தைத் தன் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதிராளிகளை ஒவ்வொருவராக ஏமாற்றிச் செல்லும் தனியாட்டம் கூடாது. பந்து வந்ததும் ஒன்றிரண்டு தொடுதலில் அடுத்தவனுக்கு அனுப்பிவிட வேண்டும். மற்றொரு பந்தயத்தில், பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும்.

இந்த நாட்டின் ரசிகர்களுக்குத் தனியாட்டம்தான் பிடிக்கும். நால்வரை வெட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்குத்தான் கைதட்டல். ரஹீமுக்கு அது தெரியும். திறமைசாலிகளை அவர் வெறுக்கவும் இல்லை. ஆனால் பந்து ஒருவன் காலிலேயே கிடந்தால் மற்றப் பத்துப் பேரும் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுவார்கள் என்பதை அவர் கண்டார். பந்து ஆளைவிட வேகமாக ஓடும். எனவே பந்தை ஓடவிடு, நீ இடத்தைப் பிடி. இதுதான் அவருடைய பாடம்.

நம் கிளைகளிலும் சங்கங்களிலும் இதே நோய் இல்லையா? எல்லா வேலையையும் தானே செய்கிற செயலாளர். மேடை முழுவதையும் தானே பிடித்துக்கொள்கிற பேச்சாளர். அடுத்தவனுக்குப் பொறுப்பு கொடுத்தால் தன் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகிறவர். கைதட்டல் கிடைக்கிறது. கோல் விழுவதில்லை.

ரஹீமின் முறை என்ன சாதித்தது என்பதற்கு 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் சாட்சி. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் தடவை. ஒலிம்பிக் அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆசிய நாடும் இந்தியாதான். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவிடம் 4–1 என்றும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0 என்றும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். நான்கே ஆண்டுகளுக்கு முன் 10–1 என்று தோற்றவர்களா இவர்கள் என்று உலகம் வியந்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1–1 என்று சமன் செய்தார்கள். ஹங்கேரியிடமும் பெருவிடமும் தோற்று வெளியேறினார்கள். பெருவுக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கோல் அதுதான். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவே இல்லை. அந்தக் கோலைப் போட்டவர் நம் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

ஜகார்த்தாவில் அந்த மாலை

1962 ஆசிய விளையாட்டுக்கு ரஹீம் கொண்டுபோன அணியைப் பாருங்கள். ரயில்வே ஊழியர் பி. கே. பானர்ஜி, உருக்கு நகரமான ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். பிரிவினையில் வீடிழந்து எல்லை தாண்டி வந்த அகதிக் குடும்பத்துப் பஞ்சாபி ஜர்னைல் சிங். செகந்திராபாத் அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம். ஐதராபாத் போலீஸ்காரர் யூசுப் கான். 1961 டிசம்பரில்தான் போர்ச்சுக்கீசியரிடமிருந்து விடுபட்ட கோவாவின் மைந்தர் பிராங்கோ. கேரளத்து இரிஞ்ஞாலக்குடா சந்திரசேகரன். வங்காளத்து சுனி கோஸ்வாமி அணித் தலைவர். தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் என்று நம் வீட்டுப் பெயர்களும் பட்டியலில் இருந்தன. தங்கராஜ் மதராஸ் படைப்பிரிவில் சிப்பாயாக இருந்து கோல் காக்கக் கற்றவர்.

இந்தப் பட்டியலில் எத்தனை மொழி? எத்தனை மதம்? எத்தனை விதமான சோறு? கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்; ஏறத்தாழ இதே கலவை தெரியும்.

ஜகார்த்தாவில் தொடக்கமே தோல்வி. தென்கொரியாவிடம் 2–0. பிறகு தாய்லாந்தை 4–1, ஜப்பானை 2–0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என்று வென்று இறுதிக்கு வந்தார்கள். எதிரே மீண்டும் தென்கொரியா. ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். கோல்காப்பாளர் தங்கராஜ் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். வெளியிலோ இன்னும் பெரிய ஆபத்து. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்க மறுத்ததை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அதனால் மூண்ட கோபம் தெருவுக்கு வந்தது. செப்டம்பர் 3 அன்று இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. மறுநாள் இறுதி ஆட்டத்தில் பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. அந்தக் கூட்டத்தில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்தான் நமக்காகக் குரல் கொடுத்தார்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

ரஹீம் என்ன செய்தார்? தடுப்பு ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்கைத் தையல் போட்ட தலையோடு முன்வரிசையில் நிறுத்தினார். முந்தைய ஆட்டங்களில் நன்றாகக் கோல் காத்த பர்மனுக்குப் பதிலாக, கொரியர்களின் உயரப் பந்துகளைப் பிடிக்க நெட்டையரான தங்கராஜைக் கொண்டுவந்தார். 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2–1. தங்கம் இந்தியாவுக்கு!

இதை நடத்திக் காட்டிய மனிதரின் உடலில் அப்போதே புற்றுநோய் குடியிருந்தது. ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய பத்தாவது மாதம், 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் காலமானார். வயது 53.

அதன்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்குத் தங்கம் இல்லை. 1970இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதையே 1985இல்தான் தொடங்கினார்கள். 2024இல் அவர் கதை 'மைதான்' என்ற பெயரில் இந்திப் படமாக வந்தபோதுதான், இப்படி ஒருவர் இருந்தார் என்று பலருக்குத் தெரிந்தது. கோல் போட்டவனை நாடு அறியும். ஆளைச் சேர்த்தவனை நாடு மறக்கும். இது விளையாட்டில் மட்டும் நடக்கிற அநியாயம் அல்ல என்பது தொண்டர்களுக்குத் தெரியும்.

தஞ்சைக்காரரும் தொழிற்சாலை அணிகளும்

ரோமில் கடைசிக் கோல் போட்ட சைமன் சுந்தரராஜுக்கு வருவோம். அவரும் பின்னாளில் பயிற்சியாளரானார். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேரளம் ரயில்வே அணியை 3–2 என்று வென்றது. மூன்று கோலும் அணித் தலைவர் மணி போட்டவை. கேரளத்துக்கு அதுவே முதல் சந்தோஷ் கோப்பை. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் நம் சுந்தரராஜ். மலையாளப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார்!

அந்த வெற்றி வானத்திலிருந்து விழுந்ததல்ல. கொச்சியை அடுத்த களமசேரி, ஏலூர்ப் பகுதிகள் நம் கும்மிடிப்பூண்டியைப் போன்ற தொழில் வட்டாரங்கள். பிரீமியர் டயர்ஸ், 'பாக்ட்' உர ஆலை ஆகியவற்றுக்குச் சொந்தக் கால்பந்து அணிகள் இருந்தன. ஆலையில் நிரந்தர வேலை, மாலையில் மைதானம். அந்த வேர்தான் மாநில அணிக்கு உரம் கொடுத்தது. சென்னையிலும் பெரம்பூர் ஐ.சி.எப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி என்று பொதுத்துறை அணிகள்தான் கால்பந்தைத் தாங்கிப் பிடித்தன. கல்கத்தாவில் 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே அணி பெரிய சங்கங்களைப் பின்னுக்குத் தள்ளி லீக் பட்டமே வென்றது. அதில் ஆடியவர்தான் ஜகார்த்தாவில் கோல் போட்ட பி. கே. பானர்ஜி.

இந்த அணிகள் எதன்மேல் நின்றன? நிரந்தர வேலையின்மேல் நின்றன. வேலை நிரந்தரம் என்றால் ஆளும் நிரந்தரம். ஆள் நிரந்தரம் என்றால் அணி உண்டு. அணி உண்டு என்றால் பயிற்சியாளனுக்கும் வேலை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றும் கான்டிராக்ட் முறையில் எந்த அணியைக் கட்டுவது? இன்று முன்வரிசையில் ஆடுகிறவன் அடுத்த மாதம் எந்த ஊர்ப் பட்டறையில் இருப்பான் என்பது அவனுக்கே தெரியாது. கான்டிராக்ட் முறை சங்கத்தை மட்டும் உடைக்கவில்லை. தொழிலாளியின் விளையாட்டையும் சேர்த்தே உடைத்துவிட்டது.

எட்டு மணி நேரத்தின் மூன்றாம் பங்கு

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கொடியை ஏற்றினார். மே தினத்தின் கோரிக்கை என்ன? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு. அந்த மூன்றாம் எட்டைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். அது படிப்பதற்கு, பிள்ளையோடு இருப்பதற்கு, பாடுவதற்கு, பந்தாடுவதற்கு. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அந்த மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. அன்று நாம் காப்பாற்றியது கூலிக் கணக்கை மட்டுமா? மாலை நேரத்தையும்தான் காப்பாற்றினோம். காப்பாற்றிய மாலையை என்ன செய்யப் போகிறோம்?

சிலர் சொல்வார்கள்: விளையாட்டு மக்களை மயக்கும் அபின் என்று. பார்ப்பவனாகவே இருந்தால் மயக்கம்தான்; சூதாட்டச் செயலியில் பணத்தைக் கொட்டிக்கொண்டு, எவனோ அடித்த ஓட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பது அபின்தான். ஆனால் தானே களத்தில் இறங்கி ஓடி, பக்கத்தில் ஓடுகிறவனுக்குப் பந்தைக் கொடுத்து, அவனிடமிருந்து வாங்கிக்கொள்வது அபின் அல்ல; அது பழக்கம், பயிற்சி, தோழமை. மொழி தெரியாதவர்களுக்கும் பந்தின் மொழி புரியும். வங்காளம், ஜார்க்கண்ட், ஒடிசா, மணிப்பூர் ஆகியவை கால்பந்து ஊறிய மண்கள். அங்கிருந்து வருகிறவனிடம் துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் அவன் தயங்கலாம். பந்தை உருட்டினால் கால் தானாக நீளும். துண்டுப் பிரசுரம் பிறகு போய்ச் சேரும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: மைதானம். தொழிற்பேட்டைத் திட்ட வரைபடத்தில் லாரி நிறுத்தத்துக்கு இடம் உண்டு. குப்பைக்கும் இடம் உண்டு. இத்தனை ஆயிரம் இளைஞர்கள் கால் நீட்டி ஓட ஒரு மைதானம் வேண்டும் என்று சிப்காட் நிர்வாகத்திடமும் மாவட்ட ஆட்சியரிடமும் மகஜர் கொடுப்போம். பணம் இல்லை என்று சொன்னால் சட்டத்தைக் காட்டுவோம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், ஐந்து கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் ஈட்டும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எந்தெந்தப் பணி என்ற அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. இது பிச்சை அல்ல. நம் வியர்வையில் விளைந்த லாபத்தில் ஒரு சிறு துளி.

இரண்டு: கலப்பு அணி. 'தமிழர் அணி', 'பீகார் அணி' என்று பிரித்து மோதவிட்டால் கான்டிராக்டர் செய்கிற வேலையை நாமே செய்தவர்கள் ஆவோம். ஒவ்வோர் அணியிலும் எல்லா ஊர்க்காரரும் இருக்கட்டும். கும்மிடிப்பூண்டி முகாமில் பல ஆண்டுகளாக வாழும் ஈழத் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கட்டும். ஊர்ப் பெயரால் அல்ல, ஷிப்டுப் பெயரால் அணி பிரியட்டும். ரஹீம் நடத்தியதுபோல் முதல் பந்தயத்தில் தனியாட்டத்துக்குத் தடை போடுவோம். கேலிக்காகச் சொல்லவில்லை. பந்தை அடுத்தவனுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்றால், அடுத்தவன் பெயரைக் கூப்பிட்டே தீர வேண்டும். பெயர் தெரிந்தால் பொய் வீடியோவுக்கு வேலை இல்லை.

மூன்று: வாத்தியார். ஒவ்வொரு வட்டாரத்திலும் பழைய ஆட்டக்காரர் ஒருவராவது இருப்பார். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் இருப்பார். அவரைத் தேடிப் போய் அழைப்போம். திருவள்ளூர் ரயில் பாதையில் நம் ஜீவாவின் பெயர் தாங்கி நிற்கும் வியாசர்பாடி நிலையத்தைக் கடந்து போகிறோமே, அந்த வியாசர்பாடிக் குடியிருப்புகளில் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக் கொடுத்து, கெட்ட வழியிலிருந்து மீட்டுப் படிக்க வைத்தவர்கள் அதே தெருவின் இளைஞர்கள்தான். வெளியூரிலிருந்து நிபுணர் வரவில்லை.

இதனால் கூலி உயர்ந்துவிடுமா என்று கேட்டால், உயராது. கூலிக்குப் போராட்டம்தான் வழி. ஆனால் போராட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு ஆள் நம்பிக்கை வேண்டும். கதவடைப்பு வரும் நாளில், இந்தி பேசுகிறவன் கருங்காலியாக உள்ளே போய்விடுவானோ என்று தமிழனும், தமிழன் தன்னை விட்டுவிட்டுச் சமரசம் செய்துகொள்வானோ என்று அவனும் சந்தேகப்பட்டால் போராட்டம் தொடங்குமுன்பே தோற்றது. அந்த நம்பிக்கை வாசல் கூட்டத்தில் ஒரே நாளில் முளைக்காது. பல மாலைகள் சேர்ந்து ஓடி, விழுந்து, எழுந்து வளர வேண்டியது அது.

ஐதராபாத் ஆசிரியருக்குப் பணம் இருக்கவில்லை, அரங்கம் இருக்கவில்லை, பூட்ஸ்கூட இல்லாமல்தான் தொடங்கினார். பதினொரு பேரும் சேர்ந்துதான் வெல்ல முடியும் என்ற உறுதி இருந்தது. நம்மிடம் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். கிளைத் தோழர்களே, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மைதானக் கோரிக்கையைச் சேருங்கள். மகஜரில் முதல் கையெழுத்துத் தமிழில் இருக்கட்டும். இரண்டாவது இந்தியில் இருக்கட்டும். மூன்றாவது ஒடியாவில் இருக்கட்டும்!